எங்கள் ப்ளான்ட்டில் சிவப்பு எரிந்ததே இல்லை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். பொய். மூக்கு வரைக்கும் வந்து அங்கே நிற்கிற கோபமெல்லாம் பொறுமைசாலிகளுக்கு. எனக்கு நேராக வாய்க்கே வந்துவிடும்.

நான் ஒரு சலவை ப்ளான்ட்டின் மேனேஜர். வீட்டுத் துணி இல்லை, ஆஸ்பத்திரித் துணி. பெட்ஷீட், தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சை அங்கி என்று ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் உருப்படி. அழுக்கு மூட்டை ஒரு வாசலில் வரும், மடித்த அடுக்கு இன்னொரு வாசலில் போகும். நடுவில் துணி பிரிக்கிற இடம், சலவை மெஷின், உலர்த்துகிற மெஷின், இஸ்திரி மெஷின், மடிக்கிற இடம். எல்லாவற்றுக்கும் கடைசியில் செக்கிங் டேபிள். அங்கே நாலு பெண்கள் நின்றுகொண்டு ஒவ்வொரு துணியையும் ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்ப்பார்கள். கறையோ கிழிசலோ இல்லை என்றால்தான் கட்டு கட்டுவார்கள்.

அந்த நாலு பேரில் மூத்தவர் என் சொந்த அண்ணி. என் அண்ணன் வெல்டிங் வேலை பார்த்தவர், ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனதிலிருந்து வீட்டில்தான். மகள் காலேஜில் கடைசி வருஷம். அந்த வீடு நடப்பது அண்ணியின் சம்பளத்தில். நான் ஏதாவது கொடுக்கப் போனால், "உன் கைல காசு ரொம்பக் கனக்குதோ?" என்று ஒரு பார்வை பார்ப்பார். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டில் அவர் என்னை "ஏண்டி" என்பார். ப்ளான்ட் கேட்டுக்குள் நுழைந்தால் "மேடம்". நான் மேனேஜரான அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். "வேலை நேரத்துல அண்ணி, தண்ணின்னு கூப்பிட்டுக்கிட்டு வராத. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க." அதனால் உள்ளே நான் அவரை "செக்கிங்" என்றுதான் கூப்பிடுவேன். எட்டு வருஷத்தில் ஒருநாளும் அந்தச் சட்டத்தை நான் மீறியதில்லை.

எங்கள் கம்பெனிக்கு மூன்று நாட்டில் மூன்று ப்ளான்ட். புதன்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு மூன்று மேனேஜரும் டைரக்டரும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்து மீட்டிங் போடுவோம். மீட்டிங் நடப்பது வேறு பாஷையில். இங்கே நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ப்ளான்ட்டின் மேனேஜர் ஒரு அம்மா. பத்து மணி என்றால் பத்துக்கு அவள் முகம் திரையில் இருக்கும், பத்து முப்பதுக்கு யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் மறைந்துவிடும். அவளுக்கு நான் வைத்த பெயர் கடிகாரம். இன்னொருவர் தாடி வைத்த நிதானமான மனிதர். "டீ குடிக்கலாமா?" என்று கேட்டால்கூட "எங்க ஆளுங்க கருத்தையும் கேட்டுச் சொல்றேன்" என்பார். அவருக்கு வைத்த பெயர் கருத்து சார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் டைரக்டர் மூன்று ப்ளான்ட்டுக்கும் ஒரே சாமானை அனுப்பினார். ஆளுயரக் கம்பம், உச்சியில் ஒரு லைட், இடுப்பு உயரத்தில் ஒரு சிவப்பு பட்டன், பக்கத்தில் சின்னத் திரை. ஆறு இடத்துக்கு ஆறு, மேனேஜர் மேசைக்கு ஏழாவது. எல்லாம் சரியாக நடந்தால் பச்சை. கறையோடு துணி வந்தாலோ, கிழிந்து வந்தாலோ, பார்த்தவர் பட்டனை அமுக்க வேண்டும். சிவப்பு எரியும், லைன் மொத்தமும் நிற்கும். தப்பு எந்த இடத்திலிருந்து வந்தது என்று திரை கேட்கும். நம்பரைத் தொட்டால் போதும், அது டைரக்டரின் திரையில் பதிவாகிவிடும்.

கடிகாரம் கம்பத்தோடு வந்த விளக்கப் புத்தகத்தை முழுசாகப் படித்து, அதில் போட்டிருந்த நாளில், போட்டிருந்த உயரத்தில் மாட்டினாள். முதல் நாளே அவள் ப்ளான்ட்டில் அறுபத்தொரு சிவப்பு. அதைத் திரையில் காட்டும்போது அவள் முகத்தில் ஒரு சின்ன வெட்கம்கூட இல்லை. "இவ்வளவு தப்பு இருந்திருக்கு, இப்பத்தான் தெரியுது" என்றாள், மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி.

கருத்து சார் மாட்டவே இல்லை. கம்பங்களை அட்டைப்பெட்டியோடு சாப்பாட்டு ஹாலில் வைத்துவிட்டு, ஷிப்ட் ஷிப்ட்டாக ஆட்களைக் கூப்பிட்டு இது வேணுமா, எங்கே வைக்கலாம், மணி அடிக்கணுமா வேண்டாமா என்று பேசிக்கொண்டே இருந்தார். "அவங்களக் கேக்காம மாட்டினா, ராத்திரியோட ராத்திரியா ஸ்க்ரூ கழண்டுடும்" என்றார். ஆறாவது வாரம்தான் மாட்டினார்.

நான்? வியாழக்கிழமை லாரி வந்தது, சனிக்கிழமை ஏழு கம்பமும் நின்றது. அதில் எனக்கு அப்படி ஒரு கர்வம். எங்கள் பக்கத்தில் வழக்கமே அதுதான். மேலேயிருந்து ஒன்று வந்தால் ஏன், எதற்கு என்று கேட்பது மரியாதை இல்லை. "செஞ்சிடலாம் சார்" என்போம், செய்தும் விடுவோம். முந்தின வருஷம் ஆலோசனை எழுதச் சொல்லி ஒரு டேப்லெட் அனுப்பினார்கள். அன்றைக்கே சுவரில் மாட்டினேன். இப்போது அதன் மேல்விளிம்பில் வாட்ச்மேன் சாவிக்கொத்தைத் தொங்கவிடுகிறார். அந்தச் சாவிக்கொத்து எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஆறு வாரம் ஓடியது. என் ப்ளான்ட்டில் முதல் நாள் எரிந்த ஒரே ஒரு சிவப்பைத் தவிர ஒன்றுகூட எரியவில்லை. நாற்பத்தோரு நாள் சுத்தப் பச்சை.

அந்தப் புதன்கிழமை டைரக்டர் வாயெல்லாம் பல்லாக இருந்தார். "மூணு ப்ளான்ட்டுல நம்பர் ஒன் இதுதான்" என்று என் பெயரைச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சிவப்பே இல்லேன்னா தப்பே இல்லேன்னுதான அர்த்தம்? அப்புறம் செக்கிங் டேபிள் எதுக்கு? அடுத்த புதன் நீங்க உறுதி சொல்லிட்டீங்கன்னா ஒண்ணாம் தேதியோட அதை எடுத்துடலாம். மூணு ப்ளான்ட்டுலயும் இந்த லைட் விஷயத்தை இனிமே நீங்கதான் பாத்துக்கணும். அது தனிப் பதவி" என்றார்.

செக்கிங் டேபிளை எடுப்பது என்றால் மேசையை எடுப்பது இல்லை. நாலு பெண்களை எடுப்பது. அது என் மண்டையில் ஏறுவதற்குள் என் வாய் பழக்கதோஷத்தில், "செஞ்சிடலாம் சார்" என்று சொல்லிவிட்டது.

கடிகாரம் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நாப்பத்தோரு நாளா ஒண்ணுகூட இல்லையா? உங்க ஊர்ல துணி கிழியவே கிழியாதா?"

"எங்க ஆளுங்க அப்படி வேலை செய்றாங்க" என்றேன். உனக்கு வயிறு எரிகிறது, எரியட்டும் என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் முன்னறையில் யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

கை ஒரு நொடி நின்றது. அப்புறம் தண்ணீர் சத்தம் திரும்பவும் கேட்டது.

"பதவி பெருசா?"

"பெருசுதான் அண்ணி."

"அப்ப போ. எங்களப் பத்தி யோசிச்சுக்கிட்டு நிக்காத. எனக்கும் கால் வலி. எவ்வளவு நாள்தான் நின்னுக்கிட்டே இருக்கிறது."

பொய்யை இவ்வளவு மோசமாகச் சொல்லக்கூடிய இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை. வெளியே வந்தபோது அண்ணன் மிக்ஸியிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏண்டி, காப்பி குடிக்காமப் போற?" என்றார். காப்பி இறங்குகிற நிலைமையில் நான் இல்லை.

வீட்டுக்குப் போயும் கடிகாரத்தின் கேள்விதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. துணி கிழியவே கிழியாதா? அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஒன்றரை மாதமாகக் கறை சோப்பு இரண்டு மடங்கு செலவாகிறது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இப்ப வர்ற சோப்பு நுரைக்கிறதே இல்ல மேடம்" என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்கே காது குத்தியிருக்கிறார்கள்!

மறுநாள் காலை வழக்கமாக மாடியில் உள்ள என் அறைக்குப் போகிறவள், போகாமல் நேராகச் செக்கிங் டேபிளுக்குப் போனேன். ஷிப்ட் ஆரம்பித்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. நாலு பெண்களும் என்னைப் பார்த்ததும் ஒரே சமயத்தில் முன்னால் நகர்ந்து நின்றார்கள், புகைப்படம் எடுக்க நிற்கிற மாதிரி. நான் குனிந்து டேபிளுக்கு அடியில் கையை விட்டேன். ஒரு நீலப் பை வந்தது. அவிழ்த்துக் கொட்டினேன். பதினோரு பெட்ஷீட். ஏழில் கறை, மூன்றில் கிழிசல், ஒன்றில் இஸ்திரி மெஷின் சுட்ட பழுப்புத் தழும்பு.

"இது என்ன?"

அண்ணி மற்ற மூன்று பேரையும் தள்ளிப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அவர்கள் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டுமே! இத்தனைக்கும் பட்டன் அமுக்கியிருக்கணுமா இல்லையா? என் கண்ணுல மண்ணத் தூவிட்டீங்களே எல்லாரும் சேர்ந்து!"

"மொத நாளு நெட்டை பட்டனை அமுக்கினானே, அன்னிக்கு நீ என்ன செஞ்ச? நெனச்சுப் பாரு."

நெட்டை எங்கள் இஸ்திரி மெஷின்காரர். ஆறடிக்கு மேல் உயரம், வாயைத் திறந்தால் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. சலவை மெஷின் பார்ப்பவர் அவருடைய சொந்த மச்சான். முதல் நாள் ஒரு ஷீட் கறையோடு வந்தது. நெட்டை புத்தகத்தில் சொன்னபடி சிவப்பை அமுக்கினார், திரையில் சலவையின் நம்பரைத் தொட்டார். லைன் நின்றது. நான் மாடியிலிருந்து படிகளைத் தாவித் தாவி ஓடி வந்தேன். அப்புறம் நடந்ததை அண்ணி சொல்லச் சொல்ல எனக்கும் ஞாபகம் வந்தது.

"'எவன்டா நிறுத்தினது?'ன்னு கத்தின. அவன் கையத் தூக்கினான், ஸ்கூல் பையன் மாதிரி. அப்புறம் அவன் மச்சானப் பாத்து, 'உன் வேலையோட லட்சணம் இதுதானா?'ன்னு நாப்பது பேரு முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்ட. மாமனும் மச்சானும் ரெண்டு வாரம் பேசிக்கல. பொண்டாட்டிங்க ரெண்டு பேரும் அழுதாங்க. அதுக்கப்புறம் எவன் அமுக்குவான்?"

"அதனால?"

"அதனால நான்தான் மத்தியானம் சாப்பாட்டு ஹால்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். யாரும் யாரையும் காட்டிக் கொடுக்க வேண்டாம், கறை பட்டதெல்லாம் நீலப் பையில போடுங்க, நாங்க பாத்துக்கறோம்னு. ஷிப்ட் முடிஞ்சு ஒரு மணி நேரம், ஸ்டோர் ரூமுக்குப் பின்னால சின்ன மெஷின்ல திரும்பத் துவைப்போம். கிழிஞ்சத தைப்போம்."

"நாலு பேருமா? தினமுமா?"

"தினமும்தான்." அவர் சுட்ட ஷீட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். "மேலேயிருந்து பாத்தா உன் ப்ளான்ட்டுலதான் தப்பு அதிகம்னு தெரியும்ல? உன் மொகத்துல கரி பூசறதுக்கா நாங்க இருக்கோம்?"

நான் அந்த நீலப் பையைப் பிடித்தபடி நின்றேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முன்னால் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் தலை குனியக் கூடாது என்று இந்த மனுஷி ஆறு வாரம் கூலி இல்லாமல் துவைத்திருக்கிறார். அவர் துவைத்துத் துவைத்து உண்டாக்கிய பச்சை விளக்கைக் காட்டித்தான் அவர் வேலைக்கே உலை வைக்கப் போகிறார்கள். நேற்று பாத்திரம் துலக்கும்போதே அவருக்கு இது தெரியும். தெரிந்தும், போ என்றார்.

அதோடு போகிற விஷயமும் இல்லை இது. ஒண்ணாம் தேதி அந்த டேபிள் இருக்காது. பதினோரு ஷீட்டும் நேராக ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகும்.

சரி, நான் யார்? மேனேஜர். ஒரு உத்தரவு போட்டால் முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை எல்லாரையும் கூட்டினேன்.

"இனிமே தப்பு தெரிஞ்சா பட்டனை அமுக்கணும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். புரிஞ்சுதா?"

"சரி மேடம்" என்றார்கள், நாற்பது பேரும் ஒரே குரலில்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பச்சை. சாயங்காலம் திரும்பவும் கூட்டி, கொஞ்சம் உரக்கவே சொன்னேன். திரும்பவும் "சரி மேடம்".

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துணி பிரிக்கிற இடத்தில் சிவப்பு எரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்பதரைக்குச் சலவையில் எரிந்தது. பத்துக்கு உலர்த்துகிற இடத்தில். பத்தரைக்கு இஸ்திரி. பதினொன்றுக்கு மடிப்பு. பதினொன்றரைக்குச் செக்கிங். அதோடு சரி, அன்றைக்குச் சிவப்பு முடிந்தது. திரையைப் பார்த்தேன். ஆறு சிவப்பிலும், தப்பு செய்தது யார் என்ற இடத்தில் அவரவர் தங்கள் சொந்த நம்பரையே தொட்டிருந்தார்கள். இடத்துக்கு ஒன்று என்று பங்கு பிரித்துக்கொண்டு, அரை மணிக்கு ஒன்றாக, யார் மனசும் நோகாமல் என் உத்தரவை நிறைவேற்றியிருந்தார்கள்! கடிகாரம் பார்த்திருந்தால் நேரம் தவறாமைக்காகக் கை தட்டியிருப்பாள்.

நான் நாற்காலியில் சாய்ந்து தனியாகச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் விஷயம் பளிச்சென்று புரிந்தது. இவர்கள் எனக்குச் சொல்கிற "சரி மேடம்" எங்கிருந்து வந்தது? நான் டைரக்டருக்குச் சொல்கிற "செஞ்சிடலாம் சார்" பெற்ற பிள்ளைதான் அது. இருபத்திரண்டு வருஷ வேலையில் மேலே இருக்கிறவரிடம் ஒரு தடவையாவது "முடியாது" என்று சொல்லியிருக்கிறேனா? நானே அமுக்காத பட்டனை இவர்கள் எப்படி அமுக்குவார்கள்?

என் மேசைக்குப் பக்கத்தில் ஏழாம் நம்பர் கம்பம் நின்றுகொண்டிருந்தது. மாட்டிய நாளிலிருந்து அதில் என் கைப்பை தொங்குகிறது. பட்டனுக்கு மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட நான் உரித்திருக்கவில்லை. கைப்பையை எடுத்து மேசைமேல் வைத்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "இந்தக் கம்பத்தக் கழட்டிக் கீழ கொண்டுபோய் செக்கிங் டேபிள் பக்கத்துல வைங்க" என்றேன்.

"மேனேஜர் கம்பமாச்சே மேடம், கீழயா?"

"கீழதான்."

புதன்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். செக்கிங் டேபிளின்மேல் வைத்தேன். அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், என்ன செய்றீங்க?" என்றார். அடுத்ததை மூச்சுக்குள் சொன்னார். "ஏண்டி, புத்தி கித்தி பிசகிடுச்சா?"

திரையில் மூன்று முகமும் வந்தன.

"எங்க இருக்கீங்க? ஒரே இரைச்சலா இருக்கே" என்றாள் கடிகாரம்.

"வேலை நடக்கிற இடத்துல இருக்கேன்" என்றேன்.

டைரக்டர் சிரித்தபடி ஆரம்பித்தார். "அப்போ, உறுதிதானே? டேபிளை எடுத்துடலாமா?"

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் தொண்டைவரைக்கும் வந்தது. அதை விழுங்கினேன்.

"முடியாது சார்" என்றேன்.

டைரக்டர் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக் காதில் மாட்டியிருந்ததைத் தட்டிப் பார்த்தார். நான் திரும்பி ஏழாம் நம்பர் பட்டனை ஓங்கி அமுக்கினேன். தலைக்கு மேல் சிவப்பு எரிந்தது. சலவை மெஷின் முனகிக்கொண்டே நின்றது, இஸ்திரி உருளை நின்றது. எங்கள் ப்ளான்ட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. நாற்பது பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். தப்பு எந்த இடம் என்று திரை கேட்டது. எல்லாரும் பார்க்க என் நம்பரான ஏழைத் தொட்டேன்.

அன்று காலையில் சேர்ந்த நீலப் பையை அவிழ்த்து, ஒரு ஷீட்டைக் கேமராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை.

"இது இன்னிக்குக் காலைல வந்தது. இது மாதிரி தினமும் எண்பது, தொண்ணூறு வருது. நீங்க பாத்த பச்சை, இந்த லைட் மெஷினால வந்தது இல்ல சார், இந்த நாலு பேரால வந்தது. மொத நாளு ஒருத்தர் பட்டனை அமுக்கினார். நான் ஓடி வந்து கத்தினேன். அவரை, அவர் மச்சானை, எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தினேன். அன்னிக்கே இந்த மெஷினை நான் அணைச்சுட்டேன். அது தெரியாம உங்ககிட்ட பாராட்டும் வாங்கிக்கிட்டேன். இந்த டேபிளை எடுத்தீங்கன்னா இந்தக் கறை நேரா நோயாளியோட முதுகுக்குக் கீழ போகும். அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

இவ்வளவும் மீட்டிங் பாஷையில். சொல்லி முடித்ததும் ப்ளான்ட் பக்கம் திரும்பி, அதையே நம் பேச்சில், ஒரு வார்த்தைகூட பூசி மெழுகாமல் திரும்பச் சொன்னேன். கடைசியில், "நெட்டை அண்ணே, உங்ககிட்டயும் உங்க மச்சான்கிட்டயும் நான் மன்னிப்புக் கேக்கணும். கேக்கறேன்" என்றேன்.

நெட்டை கையில் இருந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மச்சான் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை அவருக்கு. எங்கள் பக்கத்தில் மேனேஜர் மன்னிப்புக் கேட்டால் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று யாருக்கும் பழக்கம் இல்லை.

முதலில் பேசியது கடிகாரம்தான். "இப்பத்தான் உங்க ப்ளான்ட்டுல மெஷின் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு" என்றாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வயிறு எரிகிறது என்று நான் நினைத்த ஆள் இவள்தானா என்று இருந்தது.

கருத்து சார் தாடியைத் தடவினார். "அந்த நாலு பேரையும் கேட்டீங்களா? அவங்க என்ன சொல்றாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. கேட்கவில்லை. அப்போதும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பை அண்ணி பக்கம் திருப்பினேன். அவர் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டார், நாலு வாக்கியம் பேசினார், நான் மொழிபெயர்த்தேன்.

"எங்க கண்ணு மெஷினவிட நல்லாப் பாக்கும். ஆனா கறை எங்கேர்ந்து வருதுன்னு மெஷின்தான் சொல்லணும், எங்களால சொல்ல முடியாது. ரெண்டும் இருக்கட்டும். ஷிப்ட் முடிஞ்சு துவைக்கிற வேலைய மட்டும் நிறுத்திடுங்க, நிஜமாவே கால் வலிக்குது."

டைரக்டரின் பழைய சிரிப்பைக் காணோம். ஏமாந்த மனிதரின் முகம் அது. பிறகு சொன்னார்: "டேபிள் இருக்கட்டும். எடுக்கிற பேச்சு இனிமே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பதவிய வேற ஒருத்தருக்குத்தான் தரணும், புரியுதில்ல?" என்றார்.

"புரியுது சார்."

பதவி கருத்து சாருக்குப் போனது. வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது அண்ணி சொல்கிற பொய் மாதிரி இருக்கும். எரிந்தது. ஆனால் நாலு பேரும் அந்த டேபிளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணிக்குப் பக்கத்தில் நின்ற பெண் அழுதுகொண்டே கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும்.

பத்து முப்பதுக்குக் கடிகாரம் மறைந்தாள். லைன் ஓட ஆரம்பித்தது. நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டாயிற்று, இனி அமுக்குவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பதினொன்று ஆயிற்று, பச்சை. பதினொன்றரை, பச்சை. நாற்காலியில் உட்கார முடியவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சத்தம் நின்றது. படியில் தாவி ஓடினேன், அந்த ஓட்டத்தை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. சிவப்பு எரிந்தது செக்கிங் டேபிளில். அண்ணியின் கை இன்னும் பட்டன் மேலேயே இருந்தது. நாற்பது பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"எவ..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. பல்லைக் கடித்து மூடினேன்.

அண்ணி ஒரு தாளை நீட்டினார். "மேடம், இது நீங்க கையெழுத்துப் போட்ட பட்டியல். குழந்தைகள் வார்டுக்குச் சின்ன ஷீட்டு நூத்தி இருபதுன்னு இருக்கு. அங்க போன மாசமே பெரிய கட்டிலா மாத்திட்டாங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து உங்களுக்குக் கடுதாசி வந்ததாம். நீங்க பாக்கல. மூணு வாரமா நாங்களே மாத்தி வெச்சு அனுப்பிக்கிட்டு இருக்கோம். இனிமே மாத்த மாட்டோம்."

திரை கேட்டது: தப்பு எந்த இடம்? அண்ணி என் கண்ணைப் பார்த்துக்கொண்டே விரலை நீட்டி, ஏழைத் தொட்டார்.

காது மடல் சூடேறியது. நாற்பது பேர் முன்னால் என் தப்பு, என் கையெழுத்தோடு, டைரக்டரின் திரைக்குப் போய்விட்டது. இந்த மனுஷி இத்தனை வாரமாகத் தன் கையாலேயே துவைத்து மறைத்ததை, இப்போது தன் கையாலேயே போட்டு உடைத்துவிட்டார். எனக்காக அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது.

"நன்றி அண்ணி" என்றேன். என்னையும் மீறி வந்துவிட்டது.

நெட்டைதான் முதலில் சிரித்தார். அப்புறம் அவருடைய மச்சான். அதற்குள் இஸ்திரிப் பக்கத்துக் கம்பத்தில் இன்னொரு சிவப்பு எரிந்தது.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. தாளை மடித்து என் கையில் திணித்தார்.

"வேலை நேரத்துல அண்ணின்னு கூப்பிடாதீங்க மேடம்" என்றார்.

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டு, நான் நெட்டையின் கம்பத்தை நோக்கி ஓடினேன்.